முப்பத்திரண்டு முறை மென்ற ஓணம்

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் என் தங்கையின் வலது கண். புரை முற்றி, எதிரே வருகிற ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள். இடது கண்ணும் சுமார்தான். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் சர்க்கரை இருநூறைத் தாண்டியதால் மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த நாள், திருவோணம் கழிந்த மூன்றாம் நாள். ஓணம் உண்டுவிட்டுச் சர்க்கரை பார்க்கப் போவது, பரீட்சைக்கு முந்தின நாள் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவது மாதிரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அப்படிப் போன பிள்ளைகளின் மதிப்பெண் எனக்குத் தெரியும்.

தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஓணத்துக்கு எப்போதும் எங்கள் வீட்டில்தான் அவளுக்கு இலை. எல்லோரும் விருந்து உண்ண, அவளை மட்டும் உட்காரவைத்துக் கோதுமைக் கஞ்சி ஊற்ற முடியுமா? ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே விருந்தைக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

வழக்கமாக இலையில் பதினெட்டு வகை. நான் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன். அவியல், ஓலன், துவரன் எல்லாம் இருக்கலாம், காய்கறிதானே. எரிசேரியில் தேங்காய் பாதி. எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரி ஆளுக்கு நாலு துண்டு. வெல்லப் பாகில் புரட்டிய சர்க்கரைவரட்டி அறவே கிடையாது. மூன்று பாயசத்தில் ஒன்று மட்டும்.

மனைவி அரிவாள்மணையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒத்தப் பாயசமா? ஓணத்துக்கு ஒத்தப் பாயசம் வச்ச வீடுன்னு ஊருல சொல்லுவாவ. நான் வெளிய தலை காட்டாண்டாமா?"

"ஊருக்கு யாரு போய்ச் சொல்லப்போறா?"

"உங்க தங்கச்சி ஒருத்தி போருமே. வீட்டுக்குப் போற வழியெல்லாம் சொல்லிட்டுத்தான் போவா."

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. பால்பாயசம், அதோடு ஆளுக்குப் பாதிப் போளி என்று முடிந்தது. பாதிப் போளியைச் சொல்லும்போது அவள் குரலில் துக்கம் விசாரிக்கிற தொனி இருந்தது.

எல்லாவற்றையும்விட நான் நம்பியது மெல்லுவதை. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும். வயிறு நிறைந்த சேதி மேலே போய்ச் சேர நேரம் பிடிக்கும். அவசரக்காரர்கள் சேதி வருமுன்பே இரண்டாம் முறை வாங்கிவிடுகிறார்கள். இதை வரப்போகிறவர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். தங்கை பொறுமையாகக் கேட்டாள்.

"முப்பத்திரண்டு பல்லு இருக்கப்பட்டவனுக்கு முப்பத்திரண்டு தடவை, செரி. எனக்குப் பத்தொம்பதுதான் இருக்கு. பத்தொம்பது போருமா அண்ணே?"

எங்கள் குடும்பத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் இலையை மடக்கும்வரை மற்றவர்கள் எழுந்திருப்பதில்லை. போன வருஷம் வரை மூத்தவர் என் அண்ணன். ரயிலுக்கு நேரமானவர் போல உண்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்த பிறகும் நாங்கள்தான் இலையில் கிடப்போம். இந்த ஆண்டு அவர் மகனோடு பெங்களூரில் இருந்துவிட்டதால் தலை இலை எனக்கு வந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பரிமாறியவர் என் மகளின் கணவர். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்; மூன்று வருஷமாக ஓணம் காணாதவர். உட்கார்ந்திருக்கிற ஆளின் முன்னால் இலை வெறுமையாகக் கிடப்பது பரிமாறுகிறவனுக்கு மானக்கேடு என்று நினைக்கிற பரம்பரை.

ஒன்பது பேர் உட்கார்ந்தோம். என் வலது பக்கம் தங்கை. பருப்பும் நெய்யும் விட்ட முதல் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால்தான் எண்ணிக்கை தப்பாது. முதல் நாலு வாய் எல்லோரும் என்னோடு மென்றார்கள். தொழுவத்துச் சத்தம் மாதிரி இருந்தது. பிறகு அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, நான் மட்டும் மிஞ்சினேன். நான் புளிசேரிக்கு வரும்போது மற்றவர்கள் பாயசத்தை முடித்திருந்தார்கள். எனக்குப் போளி வந்தபோது யாரோ ஏப்பம் விட்டார்கள்.

"அண்ணே, எத்தனையில நிக்குத?" என்றாள் தங்கை.

"இருபத்தி..." என்று வாயைத் திறந்ததில் கணக்கு போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

அடுக்களை வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ! பாயச உருளி காலி. சாயங்காலத்துக்குன்னு எடுத்து வச்ச பாயசமும் தீந்து போச்சு. நீங்க இலையை மடக்காம இவங்க எப்பிடி எந்திரிப்பாங்க?"

கண்ணைத் திறந்தேன். பந்தி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மைத்துனர் வேட்டியை இரண்டாம் முறை தளர்த்தியிருந்தார். இலை வெறுமையாகும் போதெல்லாம் மருமகன் கரண்டியோடு வந்திருக்கிறார். எழுந்திருக்க முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள், ஊற்றிய பாயசத்தைக் குடித்திருக்கிறார்கள். மைத்துனர் நாலு விரலைக் காட்டினார்.

தங்கை பக்கம் திரும்பினேன்.

"ஏட்டி, நீ எத்தனை கரண்டி குடிச்ச?"

"ஒண்ணு."

"பொய் சொல்லாத."

"பின்னே உன் இலையைப் பாரு."

என் இலையில் பாயசம் குளம் கட்டி நின்றது. அவள் தன் இலை மூலையில் ஒரு பிடி சோற்றை விட்டுவைத்துக்கொண்டு, கரண்டி வரும்போதெல்லாம் தன் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்து, என் இலையைக் காட்டியிருக்கிறாள். மருமகனும் மாமனாருக்குத்தானே என்று மனம் நிறைந்து ஊற்றியிருக்கிறார். எவ்வளவு உண்டாலும் குறையவில்லையே, மெதுவாக மெல்லுவதன் பலன் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"கண்ணு தெரியாதவளுக்குக் கரண்டி வாறது எப்பிடித் தெரிஞ்சு?"

"கண்ணுதானே போச்சு, காது போச்சா? உன்னை நம்பியிருந்தா இன்னொரு மாசம் தடவிக்கிட்டுத்தான் நடக்கணும்."

பதறி இலையை மடக்கினேன். குளம் உடைந்து வேட்டியில் பாய்ந்தது. எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். மைத்துனரை மட்டும் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றில் தங்கைக்கு நூற்று அறுபத்திரண்டு. நர்ஸ் எண்ணைச் சொன்னதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "எங்க அண்ணனுக்கும் குத்திப் பாரும்மா, பாயசக் கணக்கு தெரியணும்" என்றாள் தங்கை. எனக்கு இருநூற்றுப் பதினான்கு. அறுவைக்கு உள்ளே கூட்டிப்போகும்வரை அவள் சிரிப்பு அடங்கவில்லை. சொட்டு மருந்து விடும்போது கண்ணை அசைக்கக்கூடாது என்று நர்ஸ் அதட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவள் முதலில் சுவரைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியை. பிறகு என்னை, வெகு நேரம். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பக்கத்தில் குனிந்தேன்.

"அண்ணே, காதுல இம்புட்டு முடியா? வெட்டப்பிடாதா?"

ஓண அலைச்சலில் ஒரு வாரம் வெட்டாமல் விட்டிருந்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.