கல்லாற்றில் ஒரு குடை

கேரளத்துப் பொன்முடி மலை ஏறுவதற்கு முன் கல்லாற்றில் வேனை நிறுத்தியிருக்கிறோம். பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, அதையே வீடாக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் நாங்கள். பேட்டரி இறங்கிவிட்டது. குட்டி ஃபிரிட்ஜில் என் இன்சுலின் இருக்கிறது. அது கெட்டால் இன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் மாட்ட நேரமில்லாமல் அப்படியே ஏற்றி வந்த சோலார் பேனலை, என் கணவர் வேனின் கூரைமேல் உட்கார்ந்து இப்போது திருகி மாட்டுகிறார்.

நான் உள்ளே சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. “வந்துருச்சு!” என்று கத்துகிறேன். உடனே அணைந்துவிடுகிறது. அவர் ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார். பலனில்லை.

இறங்கிப் பார்க்கிறேன். எதிர் டீக்கடை அக்கா வேனின் பின் ஏணியில் ஏறி நின்று, பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார். அந்த நிழலில் பேனலும் அடக்கம். என் கணவர் குடைக்கு அடியில் குனிந்து ஒயரோடு மல்லுக்கட்டுகிறார்.

“சாரு வெயிலுல கிடந்து வேவுதாருல்லா, அதான்” என்கிறார் அக்கா. மார்த்தாண்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவராம்.

“அக்கா, இந்தப் பலகைக்கு வெயில் வேணும். அதுலதான் என் மருந்துப் பெட்டி ஓடணும்.”

“ஐயோ, நான் அறியல்லியே!”

குடையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறார். பிறகு என் கணவரின் வழுக்கையைப் பார்க்கிறார். மனசு கேட்கவில்லை. கையை எட்டும் மட்டும் நீட்டி, நிழல் அவர் தலையில் மட்டும் விழும்படி பிடிக்கிறார்.

“இப்ப உங்க மேல வெயில் அடிக்குதே, அக்கா?”

“நமக்கு இது சீலமாக்கும், பழகிப் போச்சு. நீங்க போயி லைட்டப் பாருங்க.”