வெண்டலின் தங்கக் குதிர்

என் அண்ணன் வெண்டல் வைத்திருந்த தங்கத்தைத் தகடாக அடித்திருந்தால் எங்கள் ஊர் நீதிமன்றக் கூரை முழுவதையும் போர்த்தியிருக்கலாம். சரி, சரி, முறைக்காதே ஆர்லீன். கூரையில்லை, கூரைமேல் நின்று காற்றுத்திசை காட்டும் தகரச் சேவலுக்கு ஒரு கொண்டை செய்திருக்கலாம். ஆர்லீன் என் அண்ணி. அவள் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத எழுதப் படித்துக் காட்டச் சொல்கிறாள்.

எங்கள் ஊர் நெப்ராஸ்காவில். அப்பா ஒரு வருஷம் அறுப்பு முடிந்த கையோடு மக்காச்சோளத்தை விற்றார். வசந்தத்தில் விலை இரட்டிப்பானது. அப்பா ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அதைப் பார்த்த வெண்டலுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேதம்: குதிரில் கிடப்பது கிடக்கட்டும், அவசரப்பட்டு விற்பவன் மடையன்.

டிராக்டர் பட்டறையில் எண்ணெயில் குளித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பை மொத்தமாகத் தங்க நாணயமாக்கினான். ஓய்வுக்காலக் கணக்கில் வாங்கிய தங்கத்தை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. அது தூரத்துத் தெலாவேர் மாநிலத்தில் ஒரு பெட்டகக் கிடங்கில் கிடந்தது, காவலுக்கு ஆண்டுதோறும் கட்டணம் தின்றுகொண்டு. ஒரு நாணயத்தைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை.

அவர்கள் வீட்டில் கழிப்பறை மாடியில். ஆர்லீனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இறங்கும்போது ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகர்வாள்.

“கொஞ்சத்த வித்து, கீழேயே ஒரு கழிப்பறை கட்டேன், வெண்டல்.”

“வெலை ஏறிக்கிட்டிருக்கு. ஏறும்போது எவனாவது விப்பானா?”

அடுத்த ஆண்டு விலை இறங்கியது.

“எறங்கும்போது எவனாவது விப்பானா?”

“ஏறாம எறங்காம நின்னா?”

“நிக்கிறதே ஏறத்தானே!”

ஒரு கோடையில், தங்கத்தைப் பார்த்தே தீருவேன் என்று எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தெலாவேருக்குக் காரோட்டினான். வாசலில் காவலாளி மறித்தான்.

“சொல்லாம கொள்ளாம வந்தா உள்ள விட மாட்டாங்க, பெரியவரே.”

“உள்ள இருக்கறது என் தங்கம்யா!”

“வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

வெண்டல் பக்கவாட்டுச் சுவருக்குப் போனான். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தான். எங்கள் பக்கம் தகரக் குதிரில் தானியம் எதுவரை இருக்கிறதென்று இப்படித்தான் பார்ப்போம். காலியான இடம் கணீரென்னும், நிறைந்த இடம் மொத்தென்னும். கான்கிரீட் சுவர் எங்கே தட்டினாலும் மொத்தென்றுதான் சொல்லும்.

“நெறஞ்சு கெடக்கு, இர்மா!” என்றான் என்னிடம், முகமெல்லாம் பூரிப்பாக.

காருக்குள் ஆர்லீன் முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். “நெறஞ்சிருந்தா கொஞ்சம் எறக்கலாமே,” என்றாள். அவன் வானொலியைத் திருகி அன்றைய விலையைத் தேடினான்.

அந்தப் பனிக்காலத்தில் ஆர்லீன் படியில் உட்காரப்போய், படி தவறி உருண்டாள். இடுப்பெலும்பு போனது. நேரே இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தாள். இதன் செலவுக்காகத் தங்கம் மாதாமாதம் விற்கப்பட்டது, அதுவும் விலை படுத்துக் கிடந்த நேரத்தில். தெலாவேரிலேயே விற்று, வரிபோக மிஞ்சியது இல்லத்துக்குப் போனது. புதையல் காத்த பூதத்துக்குப் பானையைத் தொட்டுப்பார்க்கவாவது கிடைக்கும். என் அண்ணனுக்கு அதுவுமில்லை.

இங்கே படிகள் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை. ஆனால் ஆர்லீனால் இனி எழுந்து நடக்க முடியாது.

வெண்டல் இந்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்குமுன், கடைசி நாணயம் விற்ற அன்று, இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஆர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

“அந்த வரிய அடிச்சிடு, இர்மா,” என்கிறாள் ஆர்லீன். “வெண்டல் அழவே இல்லை. கையையும் பிடிக்கலை. ‘நீ ஒரு ரெண்டு மாசம் கழிச்சு விழுந்திருந்தா நல்ல வெலைக்குப் போயிருக்கும்’னான்.”