கடைசிக் கட்டிலுக்கு எட்டாத வைஃபை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதெல்லாம் இப்போது மறந்து மறந்து போகிறது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவும் கூச்சம். அதனால்தான் ஸ்டெல்லா சிஸ்டர், "ஆயாம்மா, நீங்க பேசவே வேண்டாம். எழுதிக் குடுங்க, புதுசா சேர்ந்த நர்ஸ் பிள்ளைங்க படிக்கட்டும்"னு சொன்னாங்க. தப்பு இருந்தால் மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது மறுபடியும் டேப், அதுதான் முகம் பார்த்துப் பேசுகிற பெரிய போன் மாதிரிப் பலகை, வாங்கப் போகிறார்கள். சிம் போடுகிற டேப்பா, வைஃபை மட்டும் உள்ள டேப்பா என்று ஆபீசில் பேச்சு நடக்கிறது. வார்டு கூட்டிப் பெருக்குகிறவளுக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முந்தி வாங்கினதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். அந்த நடையை மட்டும் எழுதுகிறேன்.

மேனேஜர் ரூமில்

கொரோனா ரெண்டாம் தடவை வந்த சமயம். வார்டுக்குள் சொந்தக்காரர்களை விடுவதில்லை. நாங்களும் அந்த பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நோயாளியானாலும் நாங்களானாலும் போனை வெளியே வைத்துவிட வேண்டும், அதில் ரொம்பக் கண்டிப்பு. கீழே வாசலில் காத்துக் கிடக்கிறவர்கள் முகத்தையாவது பார்க்கட்டும் என்று டேப் வாங்க ஏற்பாடு ஆனது.

அன்றைக்கு நான் மேனேஜர் ரூமில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்காரரிடம் போனில் பேசினார். "சிம் எதுக்கு வே? மாசா மாசம் ரீசார்ஜ்னு யாரு அது பின்னால ஓடுவா? பில்டிங் பூரா வைஃபை இருக்கு. டேப்பு வார்டை விட்டு எந்த ஊருக்குப் போகப் போவுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

டேப் வந்ததும் அந்த ரூமிலேயே போட்டுப் பார்த்தார்கள். "ஆயாம்மா, இங்கன பாருங்க. டி.வி.ல வாறீங்க, கொஞ்சம் சிரிங்க"னு மேனேஜர் என் பக்கம் திருப்பினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வார்டின் கடைசி வரைக்கும் நடந்து பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் வார்டு நீளமானது. கடைசியில் முந்தி ஸ்டோர் ரூமாக இருந்ததை, கட்டில் பத்தவில்லை என்று வார்டோடு சேர்த்திருந்தார்கள். இடையில் தடித்த பழைய சுவர். அதில் ஒரு வாசல். வைஃபை பெட்டி சிஸ்டர் மேஜைக்கு மேலே இருந்தது. அந்தச் சுவரைத் தாண்டினால் டேப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் வராது.

சுவருக்கு அந்தப் பக்கம் கடைசிக் கட்டிலில் பாத்துமுத்து என்று ஒரு அம்மா இருந்தாங்க. மேலப்பாளையம். வீட்டுக்காரர் சால்னா கடை வைத்திருந்தார். பிள்ளை குட்டி இருக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் சுவரில் இருந்து வருகிறது, கட்டிலை நகர்த்த முடியாது. சிலிண்டரில் மாற்றிக் கூட்டிவரலாம் என்றால் அன்றைக்குச் சிலிண்டருக்கு அடிபிடி.

அதனால் நான்தான் நடந்தேன். அந்தம்மா வீட்டுக்காரர் கீழே வண்டி நிறுத்துகிற கொட்டகையில் போனோடு நிற்பார். சிஸ்டர் மேஜை பக்கம் டேப்பில் அவர் முகம் வரும். அவர் சொல்வதைக் கேட்டுப் போய்ச் சொல்வேன். அந்தம்மா சொல்வதைக் கேட்டு வந்து சொல்வேன். அந்நிய ஆம்பிளையிடம் இப்படிப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. முகமூடி போட்டிருந்ததால் பேசினேன்.

"அவுக சாப்பிட்டாகளான்னு கேளுங்கக்கா" என்பாங்க அந்தம்மா.

"கஞ்சி வச்சுக் குடிச்சேன்னு சொல்லுங்க."

"உப்புப் போட்டாகளாமா?"

"போட்டேன். போட்டது மறந்து ரெண்டாவதும் போட்டுட்டேன்."

இதைப் போய்ச் சொன்னதும் அந்தம்மா மாஸ்குக்குள்ளேயே சிரித்தாங்க. சிரித்தது இருமலாகிவிட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்து, "ஆயாம்மா, சிரிக்க வைக்காதீங்க, சேச்சுரேஷன் இறங்குது"னு என்னைச் சத்தம் போட்டாங்க.

ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டையாம். இதை அந்தம்மாதான் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாங்க. காய்ச்சலை வெளியே சொல்லாமல் கடைக்கு மசாலா அரைத்திருக்காங்க. தெரிந்ததும் அவர் தெருவே கேட்க, "எல்லாரையும் கொல்லப் பாத்தியே"னு கத்தியிருக்கிறார். இந்தம்மா ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறிவிட்டாங்க.

பொருத்தம்

இதைச் சொன்னதற்கு அடுத்த நாள் அந்தம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. பெரிய மாஸ்க் போட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்து, "அவுககிட்ட பொருத்தம் கேட்டுச் சொல்லுங்கக்கா"னு சொன்னாங்க. மாஸ்க் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் குனிந்தேன். "பொருத்தம்க்கா, பொருத்தம்"னு மறுபடியும் சொன்னாங்க.

எங்களில் பொருத்தம் என்றால் ஜாதகம் பார்ப்பது. பத்துப் பொருத்தம். வேறு அர்த்தம் நான் கேட்டதில்லை. வீட்டில் ஏதோ கல்யாணப் பேச்சு போல, பாவம் இந்த நேரத்திலும் அதே நினைப்பு என்று எண்ணிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தேன்.

"பாய், பொருத்தம் கேக்காங்க. யாருக்கு? மகளுக்கா, மகனுக்கா?"

அவர் முழித்தார். "எங்களுக்குப் பிள்ளை இல்லியம்மா"ன்னார். கொஞ்ச நேரம் படம் நின்றுபோனதோ என்று நினைத்தேன், அவர் அப்படி அசையாமல் இருந்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்மா, அவ ஜாதகம் கேக்கலம்மா. அவமேல எனக்குக் குறை ஒண்ணும் இல்லையே, எம்மனசு பொருந்திருச்சான்னு கேக்கா. புருஷன் பொருத்தம் இல்லாம மவுத்தாயிரக் கூடாது, கண்ண மூடிறக் கூடாதுன்னு எங்க பொம்பளையளுக்கு ஒரு பயம் உண்டு." பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கத்தினார். "பொருந்திக்கிட்டேன் பாத்துமுத்து! பொருந்திக்கிட்டேன்!"

நான் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த உடுப்பில் ஓட வராது, இருந்தாலும் ஓடினேன். அவர் குரல் கையில் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சுவர் வாசலைத் தாண்டினதும் அறுந்துவிட்டது. கட்டில் பக்கம் போய்ப் பார்த்தால், வாயைத் திறந்தபடி அவர் முகம் அப்படியே நிற்கிறது. அதற்கு மேலே வட்டம் சுற்றுகிறது.

நான் என்ன செய்வேன்? குனிந்து, "பொருந்திக்கிட்டாராம் தாயி"னு சொன்னேன்.

அந்தம்மா டேப்பையே பார்த்தாங்க. "அவுகளே சொன்னாகளா?"

"ஆமா தாயி. எங்காதால கேட்டேன்."

"எங்காதுக்கு வரலியேக்கா."

திரும்ப மேஜைக்குப் போய்ப் பார்த்தேன். வீடியோ கால் கட் ஆகியிருந்தது. மறுபடி போட எனக்குத் தெரியாது. சிஸ்டர் வேறு கட்டிலில் ஒருத்தருக்கு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாங்க. கூப்பிட முடியவில்லை. சிஸ்டர் கை ஒழிந்து வந்தபோது அந்தம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது.

மறுநாள் நான் டூட்டிக்கு வந்தபோது அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றச் சொன்னார்கள்.

கீழே குப்பைப் பையைக் கொண்டுபோகும்போது அவர் என்னைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். "அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் பாய்."

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

"பொருந்திக்கிட்டாராம்னு சொன்னேன்."

"பொருந்திக்கிட்டா... ராம்" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். என்மேல் கோபம் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு பைய நடந்து போய்விட்டார். நன்றி என்றுகூட ஏதோ சொன்ன ஞாபகம்.

புதுப் பிள்ளைகளுக்கு

பிற்பாடு சிம் போட்ட டேப் ஒன்று வந்தது. அதைக் கடைசிக் கட்டில் ஜன்னல் பக்கம் வைத்தால் டவர் நன்றாக எடுத்தது. அதில் முதல் ஆள் பேசினபோது நான் அங்கே நிற்காமல் பாத்ரூம் கழுவப் போய்விட்டேன்.

வேறு வழி இருந்ததா என்று ஸ்டெல்லா சிஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன். "அவரு பேசினதை ரெக்கார்ட் பண்ணிக் கொண்டுபோயிருக்கலாம், ஆயாம்மா. உங்களுக்கு அது தெரியாது, எனக்கு அப்ப ஓடல"ன்னாங்க. பிள்ளைகளே, அதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். ஆயாக்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

மேனேஜர் மேல் நான் குறை சொல்லவில்லை. டேப் வார்டை விட்டுப் போகாது என்று அவர் சொன்னது சரிதான், போகவில்லை. வார்டுக்குள்ளேயேதான் நின்றுபோனது. வைஃபை போதுமா, சிம் வேண்டுமா என்று பார்க்கிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கடைசிக் கட்டில் வரைக்கும் நடங்கள். அங்கே நின்று பேசிப் பாருங்கள். அங்கே குரல் வந்தால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். வராவிட்டால், 'பொருந்திக்கிட்டேன்' என்று ஒருத்தர் சொன்னது 'பொருந்திக்கிட்டாராம்' என்றுதான் போய்ச் சேரும். அது பத்தவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

மெஷின் விஷயத்தில் நான் எழுதினது சரியா என்று ஸ்டெல்லா சிஸ்டர் பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. பொருத்தம் என்ற அந்தச் சொல்லை நான் ஒரு தடவை தப்பாகக் கொண்டுபோனவள். இங்கேயாவது சரியாக எழுதியிருக்கிறேனா என்று மேலப்பாளையத்துப் பிள்ளைகள் யாராவது வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.