நான் கேட்ட ஆறடி வேலி

அந்த வேலியைக் கேட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணவர்தான் என்னை அடைத்து வைத்தார் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அவர் பாவம். கயிறு பிடித்தார், குழி தோண்டினார், சொன்னதைச் செய்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்தின் ஏவன்டேலில் ஒரு பழைய பலகை வீட்டை வாங்கினோம். முன்னாலும் புல், பின்னாலும் புல். பின்பக்கத்தில் இரண்டு பக்கம் யாரோ எப்போதோ போட்ட பலகை வேலி இருந்தது. வடக்குப் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. யாழ்ப்பாணத்தில் தென்னோலைக் கிடுகு வேலி அடைத்த வளவுக்குள் வளர்ந்த எனக்கு அது நடுச் சந்தியில் பாய் விரித்துப் படுப்பது போல இருந்தது. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு எல்லர்ஸ்லியில் இருந்த கந்தோருக்கு வேலைக்குப் போய்விடுவார். நானும் பத்து மாதக் குழந்தையும் மிச்சம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் வாசிப்பேன், பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வடக்கு வீட்டுக்காரி பீஜியிலிருந்து வந்தவள். எப்போதோ கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர் வழி. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். இரவில் ஒரு பேக்கரியில் வேலை, பகலில் வீடு. அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் மரியாதைச் சொல் ஒன்றும் இருக்கவில்லை. முதல் நாளே, "நீ என்ன சமைக்குது?" என்று கேட்டபடி பின்கதவால் குசினிக்குள் வந்து நின்றாள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அநேகமாகத் தினமும் வந்தாள். கறிவேப்பிலை கொண்டு வருவாள், பேக்கரியில் மிஞ்சிய பாண் கொண்டு வருவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவாள், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடுவேன். அவள் வராத நாட்களில் நான் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"இஞ்சருங்கோ, எனக்கு ஒரு வேலி வேணும்" என்றேன் கணவரிடம்.

"இந்த ஊரில ஆரப்பா வேலிக்கு அழுகினம்? அந்த மனிசி உமக்கு என்ன செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை. என்ர குசினிக்குள்ள ஆர் வாறது எண்டு நான்தான் சொல்லவேணும்."

நான் பிடித்தால் பிடிதான். அவர் கந்தோரிலிருந்து கட்டம் போட்ட தாள் கொண்டு வந்து வளவை வரைந்தார். எல்லைக்கல் எங்கே என்று புல்லைக் கிண்டித் தேடினோம். ஆறடி உயரம், இடைவெளி விடாத பலகை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். பொது எல்லையில் வேலி போடுவதென்றால் பக்கத்து வீட்டுச் சம்மதம் வேண்டும் என்று கந்தோரில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையிலிருந்து வந்த கையோடு, அவள் வீட்டு முன்வாசலுக்குப் போய் மணி அடித்தோம். நாங்கள் முன்வாசலால் வந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

தாளை மேசையில் விரித்தோம். அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு குசினிகளுக்கும் நடுவில், கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க சின்ன டோர் வைக்கலாம். நீ வரும், நான் வரும்."

"வேலியில கதவோ? தேவையில்லை" என்றேன்.

கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "ஓகே. உனக்கு வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

என் பிழை எதுவென்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் இரண்டு வளவுக்கு நடுவில் யாரும் கதவு வைப்பதில்லை. ஆனால் பொட்டு இல்லாத வேலியும் இல்லை. ஆள் குனிந்து நுழையும் ஓட்டையைத்தான் பொட்டு என்போம். கிடுகு உக்கும், நாய் தொடங்கி வைக்கும், கோழி பெருப்பிக்கும், பிறகு பெண்கள் போய் வருவார்கள். சண்டை வந்தால் முள்ளுக் கொப்பைச் செருகுவார்கள், கோபம் ஆறினால் உருவிவிடுவார்கள். பொட்டை யாரும் திட்டம் போட்டு வைப்பதில்லை. வேலி வேண்டும் என்று நான் நின்றபோது என் மனதில் இருந்தது அந்த வேலிதான். பொட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நடுக் குளிர்காலத்தில் வேலை தொடங்கியது. ஒக்லாந்தின் களிமண்ணைத் தோண்டியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். மண்வெட்டியில் ஒட்டினால் உதறினாலும் விழாது. சனிக்கிழமை தோண்டிய குழிகளில் ஞாயிறு காலை முழங்கால் அளவு தண்ணீர். பால்மாத் தகரப் பேணியால் நான் குனிந்து அள்ள அள்ள, விரல்கள் விறைத்து என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டன. கம்பங்களை நட்டு, கொங்கிரீட் ஊற்றி, குறுக்குச் சட்டங்கள் மூன்று அடித்தோம். சட்டங்கள் எங்கள் பக்கம், பலகை முகம் அவள் பக்கம்.

"வடிவான பக்கம் அவவுக்கு இருக்கட்டும்" என்றார் கணவர். "கதவுதான் குடுக்கேல்லை."

நான் அடுத்த ஆணியை எடுத்து நீட்டினேன். கடைசி நாள், அவள் தன் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தாள். ஒவ்வொரு பலகையாக ஏற ஏற அவள் தோள் போனது, கை போனது, முகம் போனது. வீட்டின் பக்கவாட்டில் ஒரு கேற் வைத்துக் கணவர் அதற்கும் ஆமைப்பூட்டுப் போட்டார். அதன் திறப்பு, இருந்த ஒரே சாவி, குசினிக்குள் ஓர் ஆணியில் தொங்கியது.

அடுத்த நாளே குசினி இருண்டுவிட்டது. இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது என்பது நானூறு பலகை அடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் வரவில்லை. றோட்டால் சுற்றி வந்திருக்கலாம், வரவில்லை. நானும் சுற்றிப் போயிருக்கலாம், போகவில்லை. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை குழந்தையோடு மட்டும் கதைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், அவள் ரேடியோவில் ஹிந்திப் பாட்டுக் கேட்கும். நான் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கும்.

இப்படி ஐந்து வாரம் போனது. ஒரு புதன்கிழமை அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, நித்திரையாயிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, மழை விட்ட இடைவெளியில் உடுப்புக் காயப்போட வெளியே வந்தேன். தெற்குக் காற்று ஒரு அடி அடித்தது. பின்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அது தானாகவே பூட்டிக்கொள்ளும் பூட்டு.

கேற்றுக்கு ஓடினேன். ஆமைப்பூட்டு. திறப்பு உள்ளே. பின்பக்கம் சரிவு என்பதால் வீடு கால்கள் மேல் உயர்ந்து நின்றது, ஜன்னல்கள் தனியே ஏறிப் புக முடியாத உயரத்தில் இருந்தன. கல்லை எடுத்து எறிய ஓங்கினேன், ஆனால் எறியக்கூடிய ஜன்னலுக்கு நேர் கீழேதான் உள்ளே தொட்டில் இருந்தது. கல்லைப் போட்டேன். மூன்று பக்கமும் வேலி, நாலாவது பக்கம் வீடு. எல்லாம் நான் கேட்டபடியே இருந்தது.

குறுக்குச் சட்டத்தில் கால் வைத்து ஏறி, பலகை நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டில் திரை மூடியிருந்தது. இரவு வேலை முடித்து நித்திரை. கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அத்தனை மாதத்தில் நான் அவளை ஒருதரமும் கூப்பிட்டதில்லை. வந்தவள் எப்போதும் அவள்தான்.

"அக்கா!" என்று கத்தினேன். "அக்கா! அக்கா!"

உள்ளே குழந்தை எழும்பி அழத் தொடங்கியது. பருப்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. மழை மறுபடி பிடித்தது. தொண்டை கிழியக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவள் கதவு திறந்தது. இரவு உடுப்போடு வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"பேபி?"

"உள்ளுக்கு! கதவு பூட்டிப்போட்டுது!"

மேலே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தாள். "கீழ இறங்கு" என்றாள். ஆணித் தலைகள் எல்லாம் அவள் பக்கம். ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. நாலு பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடம்பை ஒருக்களித்துச் சட்டங்களுக்கு நடுவால் உள்ளே வந்தாள். நேரே குளியலறை ஜன்னலுக்குக் கீழே போனாள். அடுக்கடுக்காகக் கண்ணாடித் தகடு வைத்த ஜன்னல் அது. அவள் வீட்டிலும் அதே ஜன்னல்தான். எட்டி, சுத்தியல் முனையால் பிடியை நெம்பி, தகடுகளை ஒவ்வொன்றாக உருவிப் புல்லில் வைத்தாள். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"ஏறு."

நான் தயங்கினேன். காலெல்லாம் களிமண்.

"ஏறு!"

ஏறினேன். எந்தப் பெண் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆறடிக்கு அடைத்தேனோ, அவள் முதுகில் கால் வைத்து என் வீட்டுக்குள் போனேன்.

குழந்தை அழுது சிவந்து போயிருந்தது, வேறொன்றுமில்லை. அடுப்பை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். அவள் நேரே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு, பழைய பழக்கத்தில், சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"பருப்பு போச்சு" என்றாள்.

நான் சிரித்தேன், அப்படியே அழுதேன். தேத்தண்ணி குடித்துவிட்டு அவள் திரும்பிப் போகும்போது பார்த்தேன், முதுகில் என் இரண்டு பாதமும் அச்சாக இருந்தன.

பின்னேரம் கணவர் இடைவெளியைப் பார்த்தார். "நாளைக்கு வந்து ஆணி அடிக்கிறன்."

"வேண்டாம். இருக்கட்டும்."

"நீர்தானே வேலி வேணுமெண்டு நிண்டனீர்?"

"ஓம், நான்தான். இப்ப இருக்கட்டும் எண்டுறதும் நான்தான்."

அடுத்த நாள் காலை உழுந்து அரைத்து வடை சுட்டேன். தட்டோடு அந்த இடைவெளியால் நுழைந்து போய், அவளைப் போலவே தட்டாமல் குசினிக்குள் நிற்க வேண்டும் என்பது என் திட்டம். கடைசி ஈடு எண்ணெய்க்குள் கிடந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது.

அடுப்பை நிறுத்திவிட்டுத் தட்டோடு ஓடினேன். இரண்டு பலகை ஏற்கெனவே ஏறிவிட்டது. மிச்ச இடைவெளியில் அவள் முகம், உதட்டில் ஆணிகள். ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"சாரி. உன் ஃபென்ஸ் உடைச்சிட்டது. இப்ப சரி பண்ணுது."

அவளிடம் கோபம் இல்லை. நான் வேண்டாம் என்று சொன்ன கதவை, எனக்கு அது இப்போதும் வேண்டாம் என்றே நினைத்து மரியாதையாக அடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா, அடிக்காதேங்கோ. இரண்டே சொல். அதற்கு இங்கிலீஷ் கூடத் தேவையில்லை. வாய்க்குள் வந்தது, அங்கேயே நின்றது. எத்தனை வயதானாலும் இறங்கி வரத் தெரியாத பிறவி நான்.

"தாங்க்ஸ்" என்று சொல்லித் தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிறகு மூன்றாவது பலகையை வைத்தாள், பிறகு நாலாவதை.

ஒவ்வொரு அடிக்கும் பலகை என் பக்கம் அதிர்ந்தது. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் முடிக்கும் வரை நின்றேன். என் பக்கத்தில் பிடுங்குவதற்கு ஓர் ஆணித் தலையும் இருக்கவில்லை.