கோல்ஃப் புத்தகத்துக்கு ஃபினிஷிங் செய்த கதை

1. மூன்றாவது ரிஜெக்ஷன்

அளவு பார்க்க அனுப்பிய மூன்றாவது ஃபிட் சாம்பிளும் ரிஜெக்ட் ஆகி வந்த அன்றுதான் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருப்பதே எனக்கு உறைத்தது. அதுவரை அது எங்களுக்கு ஒரு ஸ்டைலின் பெயர். "கோல்ஃப் போலோ" என்றால் காலர், மூன்று பட்டன், நெஞ்சில் சின்னதாக எம்பிராய்டரி, அவ்வளவுதான்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் செக்கிங், ஃபினிஷிங் இரண்டுக்கும் இன்சார்ஜாக இருந்தேன். தைத்து வரும் பீஸைப் பார்த்து, பிசிறு வெட்டி, கறை எடுத்து, அயர்ன் போட்டு, பாலிபேக்கில் அடைத்து அனுப்புவது எங்கள் வேலை. பிளஸ் டூ முடித்து ஹெல்பராகச் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்தவள் நான். குற்றம் கண்டுபிடிப்பது உன் பிறவிக்குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்தக் குணத்துக்குக் கம்பெனியில் சம்பளமும் கொடுத்தார்கள், வேறென்ன வேண்டும்!

எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஆலன், ஸ்காட்லாந்துக்காரர். மூன்று முறையும் அவர் எழுதியது ஒரே கமெண்ட்: ஆடுகிறவர் கையைத் தூக்கினால் சட்டை பேண்ட்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் ஆர்ம்ஹோலை, அதாவது கை இணையும் வளைவை, இன்னும் கொஞ்சம் இறக்கி லூஸ் கொடுத்தார். இறக்க இறக்கச் சட்டை மேலே ஏறியது.

"ஏனுங்க மாஸ்டர், நாலாவதும் போச்சுன்னா அந்த மனுசன் பங்களாதேசுக்குப் போயிருவாருங்க" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மொதல்ல அந்த ஆட்டத்துல கையை எப்படித் தூக்குவாங்கன்னு இங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒருவரும் பார்த்ததில்லை. அப்போது எங்கள் கையில் இருந்ததெல்லாம் பட்டன் போன்தான், வீடியோ போட்டுப் பார்க்க வழியில்லை.

அந்த ஞாயிறு மகளின் கைடு வாங்கக் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிருந்தேன். அடுக்கின் அடியில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். உள்ளே ஒரு ஆள் குச்சியைத் தூக்குவதிலிருந்து அடித்து முடிப்பது வரை படிப்படியாகப் புகைப்படங்கள். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆடுகிறார், கோட்டு ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. அவருடைய தையல்காரன் எங்கள் மாஸ்டரைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். பேரம் பேசி வாங்கி வந்தேன்.

வீட்டில் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக் கண்ணாடி முன் நின்று படத்தில் உள்ளபடி செய்து பார்த்தேன். இடது கை நெஞ்சைத் தாண்டிக் குறுக்கே போகிறது. இழுப்பு அக்குளிலிருந்து வருகிறது. மறுநாள் மாஸ்டரிடம் ஆர்ம்ஹோலை இறக்காதீர்கள், ஏற்றுங்கள், அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தையுங்கள் என்றேன். பிசிறு வெட்டுகிறவள் பேட்டர்ன் சொல்கிறாளே என்று அவருக்குக் கோபம். ஆனாலும் வெட்டிக் கொடுத்தார். நாலாவது சாம்பிள் பாஸ் ஆனது.

2. ஆலன் சொன்ன சர்டிஃபிகேட்

அப்படி ஒட்டிக்கொண்டது அந்தப் பழக்கம். உக்கடம், ஊட்டி, குன்னூர் என்று போகிற இடமெல்லாம் பழைய கோல்ஃப் புத்தகம் கிடைக்குமா என்று பார்ப்பேன். மலையில் எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது இவை எடைக்கு வந்துவிடும். ஆட்டத்தின் விதி எனக்கு இன்றைக்கும் அரைகுறைதான். ஆனால் எது முதல் பதிப்பு, எதில் எத்தனை படத் தாள் இருக்க வேண்டும், எதில் ஒன்று குறைகிறது என்பதெல்லாம் அத்துப்படி. கார்ட்டனில் பீஸ் எண்ணுகிற கைக்கு அது ஒரு பெரிய வேலையா?

"பந்தையே பாக்காதவ பந்துப் பொஸ்தகமா வாங்கி அடுக்கறா" என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அலமாரி அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

வாங்கி வரும் புத்தகம் எதுவானாலும் முதலில் ஃபினிஷிங். அட்டைக் கறையைத் துடைப்பேன், தொங்கும் நூலை வெட்டுவேன், உள்ளே கிறுக்கல் இருந்தால் ரப்பரால் அழிப்பேன். ஒருமுறை ஆலன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அலமாரியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் இதே பித்து உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "இவ்வளவு சுத்தமான பழைய புத்தகங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். அதை சர்டிஃபிகேட்டாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அன்று காபி குடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அப்பா கல்யாணத்துக்கு முன்பு குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளைக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் வைத்திருந்தார்கள். அந்த கிளப் தன் உறுப்பினர்களுக்காக மட்டும் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தது. மைதானத்தின் மேப், பந்து விழ வேண்டிய ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம், கடைசியில் உறுப்பினர் பட்டியல். அப்பா கப்பலேறும்போது அதை இங்கேயே விட்டுவிட்டார். ஆலனுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தும் போனார்.

"முப்பது வருஷமாகத் தேடுகிறேன். எந்தப் பிரதியானாலும் சரி. அவர் பேரை ஒருமுறை அதில் பார்த்துவிட்டால் போதும்" என்றார். கண்டுபிடித்துத் தருகிறேன் ஐயா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

3. கிடைத்துவிட்டது

அதன்பிறகு ஐந்து வருடம் போனது. குன்னூரில் ஒரு காயலான் கடைக்காரரிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க கேட்ட குச்சிப்பந்து புக்கு ஒண்ணு வந்திருக்கு. ஓரத்துல எலி கடிச்சிருக்கு, பரவால்லையா?"

லீவு போட்டுவிட்டு வீட்டுக்காரரோடு ஓடினேன். பச்சைத் துணி அட்டை, உள்ளங்கை அகலம். மடித்து ஒட்டிய மேப் முழுசாக இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பட்டியலில் ஆறாவது பெயர், ஆலன் அன்றைக்குச் சொல்லியிருந்த அவருடைய அப்பா பெயர். கடையிலேயே "முருகா!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் உடனே விலையை ஏற்றிவிட்டார். ஏற்றட்டும் என்று கொடுத்தேன்.

ஆலன் வர நாலு நாள்தான் இருந்தது. ரிட்டயர் ஆகப் போகிறார், இதுதான் அவருடைய கடைசி விசிட்.

4. மூன்று மத்தியானம்

புத்தகத்தை செக்கிங் டேபிளில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன். கண்ணில் பட்டதெல்லாம் டேமேஜாகவே தெரிந்தது. அட்டையில் ஈரக் கறை. முதுகில் நூல் தொங்குகிறது. மேப் மடிப்பில் சுருக்கம். அதோடு குழி ஒவ்வொன்றுக்குமான பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாகக் கிறுக்கல்.

எங்கள் தொழிலில் பேட்டர்ன் மாஸ்டர் போட்ட பென்சில் கோடு பீஸில் தெரிந்தால் அது மேஜர் டிஃபெக்ட். தெரியாமல் பேக் ஆகிவிட்டால் மொத்தச் சரக்கு, அந்த லாட்டே திரும்பி வரும். அத்தனை வருடமும் நான் அதைத்தான் ஹெல்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அட்டைக் கறையை, மருந்து பீய்ச்சும் ஸ்பாட்டிங் கன்னால் எடுத்தேன். நூலை வெட்டினேன். மேப்பின் மேல் துணி போட்டு லேசாக அயர்ன் வைத்தேன். பென்சிலுக்கு மட்டும் மூன்று மத்தியானம் ஆனது. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, தாள் கிழியாமல், பக்கம் பக்கமாக வெள்ளை ரப்பரால் தேய்த்தேன்.

ரோஸ்மேரி என்று ஒரு செக்கர், தூத்துக்குடிப் பக்கம். என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எக்கா, என்னமோ எழுதியிருக்குல்லா. வாசிச்சுப் பாத்தியளா?"

"கிறுக்கல் புள்ள அது. நீ போய் உன்ற லாட்டைப் பாரு" என்று விரட்டினேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்கு அன்றைக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. கடைசியில் சிலிகா ஜெல் பாக்கெட் போட்டுப் பாலிபேக்கில் ஒட்டினேன். புதுச் சரக்கு மாதிரி இருந்தது.

5. முதலாளி அறையில்

"எங்க திலகம் தேடிப் புடிச்சுட்டாங்க சார்!" என்று முதலாளி என்னைக் காட்டிவிட்டு, புத்தகத்தைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

ஆலன் பாலிபேக்கைப் பார்த்துச் சிரித்தார். பிரித்தார். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் ஆறாவது பெயரின் மேல் விரலை வைத்தவர், எடுக்கவே இல்லை. அந்தப் பெரிய மனுஷன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாளில் நான் பாஸ் பண்ணிய பீஸ்களிலேயே உருப்படியானது இதுதான் என்று பெருமையாக இருந்தது.

பிறகு முன்பக்கங்களைத் திருப்பினார். மூன்றாம் குழிக்கான பக்கத்தில் நின்றார். புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார். மறுபடியும் சாய்த்தார்.

"திலகம், இங்கே ஏதாவது எழுதியிருந்ததா?"

நான் வாய் திறக்குமுன் முதலாளி முந்திக்கொண்டு, "நோ நோ சார், க்ளீன் பீஸ்" என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில், "ஒண்ணுமில்லைன்னு சொல்லிருங்க திலகம். நல்ல நேரத்துல வந்திருக்காரு, கெடுத்துப் போடாதீங்க" என்றார்.

சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"எழுதியிருந்தது சார். எல்லாப் பக்கத்திலும் இருந்தது. நான்தான் அழித்தேன்."

"என்ன எழுதியிருந்தது?"

"நான் படிக்கவில்லை சார்."

அதைச் சொல்லும்போதுதான் நான் செய்தது எனக்கே புரிந்தது. இது யாருடைய பிரதி, அவர் அப்பா விட்டுப்போனதே இதுவாக இருக்குமோ என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே! மூன்று மத்தியானம் அந்த எழுத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. சுத்தமான புத்தகங்கள் என்று அவர் அன்றைக்குச் சொன்னது பாராட்டல்ல என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆலன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு டார்ச் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார்.

செக்கிங் செக்‌ஷனில் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பிடித்தோம். பென்சில் அழுத்திய தடம் நிழலாகத் தெரிந்தது. ரோஸ்மேரிக்குப் பார்வை கூர்மை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஆலன் ஒரு தாளில் குறித்தார். சில எண்கள். "காற்று" என்று ஒரு சொல். "இடது மணிக்கட்டு" என்று ஒன்று. நடுவில் குறுக்குக் கோடு போட்டு எழுதிய ஏழு என்ற எண் ஒன்று. ஒரு மணி நேரத்தில் அவ்வளவுதான் கிடைத்தது. மற்றதையெல்லாம் நான் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தேன்.

"அப்பா எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்தில் என் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. போனதும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்" என்றார். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இதைக் கண்டுபிடித்ததற்கு நன்றி என்று மூன்று முறை சொன்னார். சென்னையில் அவருக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் ஊருக்கு விமானம்.

6. மெயில்

மறுநாள் மத்தியானமே மெயில் வந்துவிட்டது. முதலாளி பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஃபினிஷிங் செக்‌ஷனுக்கே வந்தார்.

"அப்பாவின் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது அவர் கையெழுத்து இல்லை. வேறு யாரோ ஒருவருடைய கிறுக்கல். அதனால் நீங்கள் வருத்தப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

"பாத்தீங்களா? சும்மா கெடந்து பயந்தீங்க. போங்க, போய் நிம்மதியாச் சாப்புடுங்க" என்றார் முதலாளி.

நானும் ஒரு நிமிடம் அப்பாடா என்றுதான் உட்கார்ந்தேன். ரோஸ்மேரி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எக்கா, அவிய இன்னும் சென்னையிலதான இருக்காவ?"

தேறாத பீஸை, தைத்தவள் பாவம் என்று நானே எத்தனையோ முறை பாஸ் பண்ணியிருக்கிறேன். அதுவரை எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்கு அயர்ன் டேபிளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். புத்தகம் சேர்ப்பதை விடவில்லை. பழையது ஒன்று வந்தால் தூசி தட்டுவதோடு சரி. ஓரத்தில் யார் என்ன எழுதியிருந்தாலும் முதலில் உட்கார்ந்து அதைப் படிக்கிறேன். செக்கிங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பீஸில் கறை எடுங்கள், அது உங்கள் வேலை. மற்ற இடத்தில் ஒன்றை அழிப்பதற்கு முன்னால் அது என்னவென்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவள் கேள்வி கேட்டால் விரட்டாதீர்கள்.

அந்த மெயில் வந்த அன்று சாயங்காலமே ஆலனுக்குப் பதில் எழுதினேன். "ஐயா, ஊருக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து ஒருமுறை நிஜமாகவே பாருங்கள். எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்."

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறார், என் வீட்டுக்காரரையும் ரோஸ்மேரியையும் விசாரிக்கிறார். நான் கேட்டதற்கு மட்டும் இன்று வரை பதில் எழுதவில்லை.