தொண்ணூறாவது லெவல்

எங்கள் அலுவலகத்தில் வானத்தை மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள். காற்று அநேகமாகத் தீர்ந்துபோகும் உயரத்தில் இருப்பது லெவல் ஒன்று. அங்கிருந்து இறங்கி இறங்கி, புல்லும் தெருவும் சைக்கிளும் இருக்கிற தரைக்கு வந்து சேர்ந்தால் அது லெவல் தொண்ணூறு. ஹாம்பர்க் நகரில், பருவநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் ஒன்று என்பதைத் தரை என்று நினைத்துக்கொண்டு, ஊர் முழுக்கக் காற்றே இல்லை என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். நான் மட்டும் அந்தத் தவறைச் செய்யவில்லை. அதனால் எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது. நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவள் என்பதும், எங்கள் ஊரில் லெவல் என்றாலே கீழே போகப் போகத்தான் எண் கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தங்கவயலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்ட் வழியாகக் கூண்டில் இறங்கினால் பூமிக்குள் பக்கவாட்டில் வெட்டிய பாதைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவைதான் லெவல். அப்பா எண்பதாவது லெவலில் பாறைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தவர். சுரங்கத்தை மூடியபோது மேலே வந்தார். எனக்கு இங்கே வேலை கிடைத்த வாரம் அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி சம்பளம் பற்றியது அல்ல.

“இன்னாடி, உன்ன எந்த லெவல்ல போட்டுகீறாங்க?”

நான் தரையை ஒட்டிய காற்றைக் கவனிக்கும் குழுவில் சேர்ந்திருந்தேன். யோசிக்காமல், “தொண்ணூறு மா” என்றேன்.

“உங்கப்பாவே எம்பதத் தாண்டல. பொம்பளைங்களகூட எறக்கறாங்களா அந்த ஊர்ல?”

அது பூமிக்குள் இல்லை, காற்றில் இருக்கிற லெவல் என்று விளக்கினேன். காற்றில் தொண்ணூறு லெவல் என்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஜெர்மனியில் என் பெண் தொண்ணூறாவது லெவலில் இருக்கிறாள் என்று அம்மா, சுரங்கத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பழைய ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர் எழுந்து நின்று என்னை விசாரித்தார்கள். உள்ளே சூடு எப்படி என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

நான் செய்த தவறு வேறு. முதல் நாள், குழுவின் தலைவி உல்ரிக்கே, என் ஜெர்மன் தேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆங்கிலத்தைத் தவிர்த்துவிட்டு, “நீங்கள் கிரென்ஸ்ஷிக்ட்” என்றார். கிரென்ஸ என்றால் எல்லை. விசா வாங்க அலைந்ததில் அந்தச் சொல் மட்டும் நன்றாகப் பழகியிருந்தது. ஷிக்ட் என்பதை அகராதியில் பார்த்தேன். ஷிஃப்ட் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் ஷிஃப்ட் என்றால் சங்கு ஊதுவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு ஆய்வகத்தின் வாசலில் நின்றேன். காவலர் என்ன வேண்டும் என்றார். கிரென்ஸ்ஷிக்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். உல்ரிக்கே ஒன்பதரைக்கு வந்தார். ஷிக்ட் என்றால் அடுக்கு என்றும் பொருள் உண்டாம். நிலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் காற்றின் அடுக்கு, எல்லை அடுக்கு. மேலே உள்ள காற்று தன் போக்கில் போகும். இது மட்டும் மரத்திலும் சுவரிலும் உரசி உரசி, வேகம் குறைந்து, தடுமாறிக்கொண்டு போகும். மனிதர்கள் மூச்சு விடுவது இதற்குள்தான். அன்று மாலை மூன்று மணிக்கே தூங்கி வழிந்தேன்.

இந்த மாடல் என்பது என்ன என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். பூமியைச் சுற்றியுள்ள காற்றை முழுவதும் பெட்டி பெட்டியாக வெட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பெட்டி ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டர் நீளம், நூறு கிலோமீட்டர் அகலம். ஒரு பெட்டிக்கு ஒரு வெப்பம், ஒரு ஈரப்பதம், ஒரு காற்று. அதற்குமேல் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியைப் பார்த்து, இயற்பியல் விதிப்படி கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் வாங்கும். இப்படியே நூறு வருடம் ஓட்டலாம். பெட்டியைவிடச் சின்னதாக இருக்கிற மேகம், மேடு, புழுதி எதுவும் மாடலின் கண்ணுக்குப் படாது. அவற்றுக்குப் பொதுவாக ஒரு விதி எழுதி ஒட்டுவோம். அதற்குப் பாராமீட்டரைசேஷன் என்று பெயர். குத்துமதிப்பு என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. ஆனாலும் குத்துமதிப்புகளிலேயே நல்லது கெட்டது உண்டு, நல்லதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

போன ஆடி மாதம் வரை இது எனக்குப் பிழைப்பாக மட்டுமே இருந்தது. அப்பாவின் நுரையீரல் கெட்டு வெகு நாளாயிற்று. எங்கள் வரிசைக்கு மேற்கே சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மாவு போன்ற மண், மலையாகவே நிற்கிறது. ஆடிக் காற்று அதன் மேல் ஏறினால் வீட்டுக்குள் சோற்றுத் தட்டுவரை வரும். இனி ஒருமுறை அந்தத் தூசி உள்ளே போனால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று கோலாரில் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். தங்கவயலிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் கோலார் நகரில்தான் என் தங்கை இருக்கிறாள், தூசி இல்லாத வீடு. காற்று மாதங்கள் மூன்றும் அங்கே இருக்கச் சொன்னோம். அப்பா கேட்கவில்லை.

“மாப்ள வூட்ல மூணு நாளுன்னா விருந்தாளி. மூணு மாசம் உக்காந்தா இன்னா மரியாத கீது?” என்றார். பிறகு, தொலைபேசியின் திரையில் முகத்தை நன்றாகக் கிட்டே கொண்டுவந்தார். “நீதான் காத்து வேலை பாக்கறியே. மேட்டுக் காத்து எந்தெந்தத் தேதின்னு சொல்லு. அன்னிக்கு மட்டும் போய்க்கறேன்.”

பெட்டியைப் பற்றி அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பெட்டிக்குள்ள சாம்பியன் ரீப்ஸ் எங்க கீது?”

“தனியா இல்லபா. ஊரிகம், பங்காருபேட்டை, கோலார், எல்லாம் ஒரே பெட்டி.”

“மேடு?”

“மேடு தெரியாதுபா.”

“அப்ப கோலார்லயும் இங்கயும் ஒரே காத்தா?”

ஆமாம் என்றேன். என் மாடலைப் பொறுத்தவரை அப்பா ஏற்கெனவே தங்கை வீட்டில்தான் இருந்தார். அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதைவிட மோசம், பருவநிலை மாடல் தேதியே சொல்லாது. ஆடி மாதங்கள் பொதுவாக எப்படிப்பட்டவையாக மாறும் என்று சொல்லும். வருகிற வியாழக்கிழமை பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னதும், இதற்காகவா இவ்வளவு தூரம் போனாய் என்று அம்மா பின்னால் இருந்து கேட்டாள். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

உல்ரிக்கேயிடம் போய் நின்றேன். அவர் வானிலைக் கணிப்புகளை எப்படி வாசிப்பது என்று காட்டிக் கொடுத்தார். அதில் பெட்டிகள் சின்னவை. இன்றைய காற்று துல்லியமாகத் தெரியாது என்பதால், ஆரம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது முறை ஓட்டுவார்கள். ஐம்பதில் முப்பது, வியாழன் வெள்ளி இரண்டு நாளும் மேற்கிலிருந்து பலத்த காற்று என்றன. ஊருக்குச் சொன்னேன்.

“பத்துக்கு ஆறு வாய்ப்பு மா.”

“பத்துக்கு ஆறுன்னா இன்னா? வருமா, வராதா?”

வரும் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னது நான்தான், மாடல் அல்ல. அப்பா புதன்கிழமை காலை பஸ் ஏறிக் கோலாருக்குப் போனார். வியாழனும் வெள்ளியும் காற்று சொன்னபடியே வந்தது. ஆனால் புதன் மாலை நல்ல மழை பெய்து மேடு முழுக்க நனைந்திருந்தது. ஒரு சிட்டிகைத் தூசிகூடக் கிளம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டில் மூன்று நாள் முடிந்துவிட்டது என்று அப்பா சனிக்கிழமை திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை, ஐம்பதில் ஒன்றுகூடப் பொருட்படுத்தாத ஒரு சாதாரணக் காற்று, மழையை மறந்து காய்ந்துபோயிருந்த மேட்டின்மேல் ஏறி எங்கள் வரிசைக்கு வந்தது. அன்று மத்தியானமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். நான் அலுவலகத்தின் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து, என் கணிப்பைச் சரிபார்த்தேன். காற்றின் வேகம், திசை, நேரம் எல்லாமே மிகச் சரியாக இருந்தன.

அப்பா வீடு திரும்பிய பிறகு அம்மாதான் சண்டையை ஆரம்பித்தாள். “உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணியும் தெரியல. என் கொடிக்குத் தெரியும். மழ பேஞ்சி ரெண்டு நாள் எவ்ளோ காத்தடிச்சாலும் துணி சுத்தமா கீது. மூணு நாள் வெயில் காஞ்சப்பறம் லேசா அடிச்சாலே எல்லாத்தயும் மறுபடி தொவைக்கணும். இத்தன வருசமா தொவைக்கறேன், யாராச்சும் கேட்டீங்களா?”

யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எல்லை அடுக்கைப் பற்றி ஜெர்மன் மொழியில் உரை நிகழ்த்தியிருக்கிறேன். அம்மாவின் துணிக்கொடி அந்த அடுக்குக்குள்தான் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டு, சாயங்காலம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். எந்தத் துணி என்று கேட்டேன். “உன் ஸ்கூல் துப்பட்டாதான். வேற எதுக்கு ஆவும்?” என்றாள். சுத்தமென்றால் சுழி, பழுப்பென்றால் ஒன்று, உதறும்போது தும்மல் வந்தால் இரண்டு என்று குறித்துக்கொண்டேன். கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், காற்று எந்தத் திசை என்பதை அதோடு சேர்த்தேன். நாற்பது படங்கள் சேர்வதற்குள் ஒரு விதி கிடைத்தது. நான் எழுதிய குத்துமதிப்புகளிலேயே நல்லது அதுதான். நூறு கிலோமீட்டர் பெட்டிக்கு அது உதவாது. ஒரு வரிசை வீடுகளுக்கு உதவும். அந்தக் கோப்பை ஒருநாள் எட்டிப் பார்த்த உல்ரிக்கே, தும்மல் என்பதை எந்த அலகில் அளக்கிறீர்கள் என்று கேட்டார். இது நகைச்சுவை இல்லை. அவர் எதையும் அலகோடுதான் கேட்பார். அம்மா என்றேன். சரி என்று குறித்துக்கொண்டார்.

இந்த ஆடியில் அப்பா ஐந்து முறை கோலாருக்குப் போனார். அதில் நான்கு முறை துப்பட்டா பழுப்பேறியது, அவர் இல்லாத வீட்டில். ஒரே ஒரு முறை நான் வீணாக அனுப்பினேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. மருமகன் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். ஆஸ்பத்திரிப் பக்கம் இதுவரை போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா அடுத்த தேதி கேட்டு, நான் சொல்லி, அவர் காலண்டரில் வட்டம் போட்டு முடித்ததும், அம்மா தொலைபேசியை வாங்கினாள்.

“பொங்கலுக்கு வரியா?”

விடுமுறை இன்னும் உறுதியாகவில்லை, டிக்கெட் பார்க்க வேண்டும், இங்கே டிசம்பரில் மாடலின் ஓர் ஓட்டம் முடிய வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். “பத்துக்கு ஆறு வாய்ப்பு மா” என்று முடித்தேன்.

“காத்து வர்ற தேதி கேட்டா கரெக்டா சொல்ற. நீ வர்ற தேதி கேட்டா மட்டும் பத்துக்கு ஆறுன்ற” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. என் துப்பட்டா மேற்கிலிருந்து வந்த காற்றில் கிழக்கே நீண்டு, கொடியை விட்டுப் போக முடியாமல் படபடத்துக்கொண்டிருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. சுழி என்று குறித்துக்கொண்டு, நாளைக்கு அப்பா கோலாருக்குப் போக வேண்டாம், வட்டம் போட்ட தேதியில் போனால் போதும் என்று எழுதினேன். அம்மா கேட்ட தேதியை இன்னும் எழுதவில்லை.