இருபத்திமூன்று மண்டலம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் மலர் போடுகிறோம், ஊருக்கும் அனுப்புவோம், நீங்களும் எழுதுங்கள் என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்வேயில் மகன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருசம் ஆகிறது. எதிர்வீட்டில் இங்கர் என்று ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். போன குளிர்காலம் முழுக்க அவள் கார் வாசலிலேயே பனி மூடிக் கிடந்தது. அவளோ பஸ்சுக்கு நடந்து போவாள். ஒரு நாள் குப்பை கொட்டப் போன இடத்தில், காரைக் காட்டி ஏன் என்று கையாலேயே கேட்டேன். சாவியைத் திருகுவது போல் செய்து, தலையை ஆட்டி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். சாவி ஒன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் காரைச் சுற்றிப் பனியைக் காலால் தள்ளித் தேட ஆரம்பித்தேன். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று அவளும் குனிந்து தேடினாள். அரை மணி நேரம் தேடியிருப்போம். மகன் வேலையிலிருந்து வந்து, ரெண்டு பேரும் என்னம்மா தேடுறீங்க என்று கேட்ட பிறகுதான் சங்கதி விளங்கியது. அவளுக்குப் புதிதாக வலிப்பு கண்டிருக்கிறது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு வருசம் வலிப்பு வராமல் இருந்தால்தான் கார் ஓட்டலாம் என்பது இங்கே சட்டம். அதுதான் அந்த ஒரு விரல். நடுத்தெருவில் நின்றுகொண்டு 'எபிலெப்சி' என்று சத்தமாகச் சொன்னாள். எனக்குத்தான் பதறியது. யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றிப் பார்த்தேன். முதல் மாத்திரையே அவளுக்கு ஒத்துக்கொண்டது. வருசமும் முடிந்து, போன மாதத்திலிருந்து ஓட்டுகிறாள். ஆனால் அன்று அவள் சொன்ன விதம் என்னைப் போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, வருசம் சரியாக நினைவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். விடிந்ததும் காயெடுக்கப் போகிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறி, ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுது சாய அழைத்து வருவார். நானும் அதே ஜீப்பில் காயெடுக்கப் போகிறவள்தான். ஜீப் முதலாளிக்கு இவர் மேல் அத்தனை நம்பிக்கை. ஓர் ஆடி மாதம், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். இரும்பைக் கொடு, இரும்பைக் கொடு என்று சத்தம் போட்டார்கள். அவர் இடுப்பிலிருந்த ஜீப் சாவியை எடுத்து அவர் கைக்குள்ளேயே திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று எல்லோரும் நம்பினோம்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். விசாரித்ததில் அது இரண்டாவது தடவை என்று தெரிந்தது. முதல் தடவை மலையில் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது வந்திருக்கிறது. இவர் எங்களிடம் சொல்லவில்லை. சாவி கொடுத்த கதையை நான் சொன்னதும் டாக்டரம்மா, "அது தானா நின்னுச்சும்மா. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில எதையும் திணிக்காதீங்க. முக்கியமா அந்தச் சாவிய" என்றார். இவர் முகம் கறுத்துவிட்டது. சரியாகிவிடுமா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா ஒளிக்கவில்லை. முதல் மாத்திரையிலேயே நிறையப் பேருக்கு நின்றுவிடும், சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், சிலருக்கு எதிலும் அடங்காது, இவர் எந்தப் பக்கம் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஊரில் மட்டும் பித்த மயக்கம் என்று சொல்லிவைத்தோம். வலிப்பு என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் எந்த மருந்தும் ஒரு மண்டலம்தானே. நாற்பத்தெட்டு நாள் பத்தியத்தோடு சாப்பிட்டால் நோய் தீர்ந்தது என்று கணக்கு. நானும் மீன் கருவாடு காட்டாமல் நாற்பத்தெட்டு நாள் மாத்திரை கொடுத்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, மிச்ச மாத்திரையை நானே நிறுத்தினேன். நல்லாயிட்டார் என்று மார்தட்டிக்கொண்டேன். முதலாளியிடமும் சொல்லி, மறுபடி ஜீப் எடுக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு விழுந்தார். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் பதினாலு பொம்பளைகளோடு ஏதாவது ஒரு வளைவில் அல்லவா விழுந்திருப்பார்!

நான்தான் நிறுத்தினேன் என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "ஒரு மண்டலம்னா எத்தனை நாளு?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு காகிதத்தில் ஏதோ வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப இருபத்திமூணு மண்டலம் குடு. மூணு வருசம் வராம இருந்துச்சுன்னா, கொஞ்சங் கொஞ்சமா நானே கொறைக்கிறேன். நீயா நிறுத்தாத. அதுவரைக்கும் ஆளை ஏத்தி வண்டி ஓட்ட விடாத" என்றார். மூன்று வருசம் என்று சொல்லியிருந்தால் மலைத்திருப்பேன். மண்டலம் என்றதும் பிடி கிடைத்தது. ஊர் திரும்பிய அன்றே தானியம் வைக்கும் குதிர்க் கதவின் உள்பக்கம் கரியால் கோடு போடத் தொடங்கினேன். நாற்பத்தெட்டாம் வாய்ப்பாடு இருபத்திமூன்று வரைக்கும் இன்றைக்கும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆயிரத்து நூற்று நான்கு. என் பேரன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து வாயைப் பிளந்தான்.

ஏழு மண்டலம் முடிந்தது. வலிப்பு வரவே இல்லை. அதுதான் வினையானது. ஆவணியில் காயெடுப்பு மும்முரம், மாற்று டிரைவர் வரவில்லை. மயக்கம்தான் வருசமாக இல்லையே, வண்டியை எடு என்று முதலாளி கூப்பிட, இவரும் என்னிடம் மூச்சு விடாமல் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பொம்பளைகளும் ஏறியாயிற்று. மடியில் கைப்பிள்ளையோடு எங்களோடு காயெடுக்கிற கொத்தின் மூத்தவள் பேச்சியக்கா முன்னால் இருந்தாள். இவர் என்னைப் பார்க்காமல், "ஏறு புள்ள, நேரமாச்சு" என்றார். கணவர் பேரைக்கூட வெளியே சொல்லாத காலம் அது. ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் ஏறல. நீங்களும் எறங்குங்க. அவருக்கு வந்தது மயக்கமில்ல, காக்காவலிப்பு. இன்னும் பதினாறு மண்டலம் கெடக்கு. அதுவரைக்கும் ஆளை ஏத்திக்கிட்டு அவரு மலை ஏறக் கூடாது."

"மயக்கம்னுதான தாயி சொன்னீக?" என்றார் முதலாளி. புருசன் மானத்தை ஸ்டாண்டில் வைத்துக் கூவுகிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பேச்சியக்காதான் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "எறங்குங்கடி. கட்டுனவளே ஏற மாட்டேங்குறா. நம்ம உசுரு என்ன தள்ளுபடியிலயா வந்துச்சு?" என்றாள். ஒருத்தர் பின் ஒருத்தராக இறங்கினார்கள். இவர் பிரேக்கைப் போட்டுவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்து போய்விட்டார்.

இந்தக் கதையை மகன் மூலமாக இங்கருக்குச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்: லைசென்ஸை வாங்கிக்கொண்டது யார்? யாரும் வாங்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். ஓ, நீங்கள் போலீசில் வேலை பார்த்தீர்களா என்றாள். நானும் மகனும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இன்னும் குழப்பம். இங்கே சட்டம் சொல்கிறது, டாக்டர் எழுதுகிறார், ஊர் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. அங்கே எனக்கு என் வாய் மட்டும்தான் இருந்தது. அதுவும் அதிகம் திறக்காத வாய்.

நாலு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலையில் நான் எடுக்கும் முன்னே கையை நீட்டினார். "எட்டாவது மண்டலத்துல இன்னைக்கு எத்தனாவது நாளு?" என்று கேட்டார். குதிர்க் கதவைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். அதன்பின் அவரே காய் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். பொம்பளைகளுக்கு நடுவில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவரை, "என்ன மாப்ளே, எந்த கியர்ல ஓடுது?" என்று ஆம்பளைகள் கேலி செய்தார்கள். "ரிவர்ஸ்ல, அப்பு. பின்னாடி பாத்து நில்லு" என்பார்.

இருபத்திமூன்று மண்டலமும் முடிந்தது. ஒரு வேளை தவறவில்லை. பிறகு டாக்டரம்மா பல மாதம் எடுத்து மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். வரவே இல்லை. பிற்பாடு முப்பது வருசம் கழித்து எங்கள் வீட்டுக்காரர் போனது வேறு நோவில். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது என்பதையும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களோடு வரிசையில் நிற்கும் சிலமலை ஊர்க்காரி ஒருத்தி, என்னைவிடக் கவனமாகத் தன் மகளுக்கு மாத்திரை கொடுத்தாள். மூன்று விதமாக மருந்து மாற்றியும் அந்தப் பெண்ணுக்கு அடங்கவில்லை. ஆகையால் வலிப்பு நின்றதற்கு நான் பெருமைப்பட முடியாது. விடாமல் கொடுத்ததற்கும், அன்றைக்கு ஜீப்புக்கு முன்னால் நின்றதற்கும் பெருமைப்படுகிறேன். மாத்திரை நின்ற பிறகும், தனியாக ஓட்டிக்கொள், ஆளை ஏற்றி மலை ஏறாதே என்று டாக்டரம்மா சொன்னதை அவர் கடைசிவரை மீறவில்லை. எண்பதுகளில் ஜீப் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பிரேக் பார்த்துக் கொடுத்த ஜீப்பில்தான் நாங்கள் தினமும் மேலே போனோம்.

இங்கே மகன் என்னை வெளியே அழைத்துப் போனால் முன்சீட்டில் உட்கார வைப்பான். இந்த நாட்டில் ஓட்டுபவர் இடது பக்கம். எனக்கு வாய்ப்பது வலது பக்கம், ஊரில் அவர் உட்கார்ந்த இடம். எதிரே ஸ்டியரிங் இல்லை. கடலை ஒட்டி மலைப்பாதை வளையும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணுவேன். வெளியே பைன் மரமும் பனியும். எண்ணிக்கை மட்டும் போடியிலிருந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையில் பிரேக்கை மிதிக்கிறது. போடிமெட்டு வந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தால், மகன் இன்னும் பாதி வழியில்தான் இருப்பான்.

அந்த மலைக்குக் கொண்டை ஊசி வளைவு பதினேழு என்று என் கால் சொல்கிறது. பதினெட்டு என்று மகன் சண்டைக்கு வருகிறான். ஊரில் இதைப் படிக்கிற யாராவது அடுத்த தடவை மேலே போகும்போது எண்ணிப் பார்த்து, நான் எழுதியது தப்பென்றால் திருத்திவிடுங்கள்.